நாற்பத்தாறு கதவு எண்கள்

நீங்கள் கொடுத்த நாற்காலியின் ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அடியில் வைத்துக்கொண்டேன், தப்பாக நினைக்காதீர்கள். கோணலாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. இருபத்திரண்டு வருடம் திட்ட அனுமதிப் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு வரும் வியாதி அது.

தொழில் பூங்காவுக்கு அனுமதி தரலாம் என்று எழுதியவன் நான்தான். எங்கள் படிவத்தில் வலது பக்கம் நன்மை, இடது பக்கம் கெடுதல். வலது பக்கம் ஆயிரத்து நானூறு பேருக்கு வேலை, புதிய பேருந்துத் தடம், ஒரு மருத்துவமனை. இடது பக்கம் ஒரு சதுப்பு நிலம், கொஞ்சம் கொக்கு, மழைக்காலத்தில் பள்ளத் தெருவுக்குக் கூடுதல் தண்ணீர். சதுப்பைத் தூர்த்து சிமெண்ட் போட்டால், அது குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் எங்காவது போகத்தானே வேண்டும்?

அந்தத் தெருக்காரர்கள் எதிர்த்து மனு எழுதினார்கள். அதே பேனாவால் தங்கள் பிள்ளைகளுக்குப் பூங்காவில் வேலை கேட்டும் எழுதினார்கள். ஆடு பகை, குட்டி உறவு. இவர்களுக்காகவா நான் உருக வேண்டும்?

எங்கள் பிரிவின் இளநிலைப் பொறியாளர் மட்டும் என் மேசைக்கு வந்து நின்றாள்.

“சார், பாதிக்கப்படற வீடு நாற்பத்தாறுன்னு போட்டிருக்கீங்க. அங்க ஒவ்வொரு வீட்டுலயும் ரெண்டு மூணு குடும்பம் இருக்கு.”

“கதவு எண் எத்தனைம்மா?”

“நாற்பத்தாறு.”

“அப்ப நாற்பத்தாறுதான். போய் வேலையப் பாரு.”

ஐம்பதுக்குக் கீழே என்றால் ‘சிறிய பாதிப்பு’ என்று போட வேண்டும். அந்த விதியை நான் எழுதவில்லை. எந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை அடுப்பு எரிகிறது என்பது அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பதினேழாம் எண்ணில்தான் நான் வளர்ந்தேன். அங்கே என் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். பக்கவாதம் வந்து அண்ணி மூன்று வருடமாகப் படுத்த படுக்கை.

படிவத்தில் அந்த நாற்பத்தாறை எழுதுவதற்கு முன்பு நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அண்ணன் மைக்கைப் பிடித்தார். நான் மேடையில் இருந்தேன்.

“எங்க தெருவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அங்க உக்காந்திருக்கிற பெரிய அதிகாரி சொல்றாரு. அவரு என் தம்பிதான். இடி இடிச்சா அண்ணி முந்தானைக்குள்ள ஒளிஞ்சுகிட்டு, பத்து வயசு வரைக்கும் பாய நனைச்ச பய. இவனுக்கு மழையப் பத்தி என்னங்க தெரியும்?”

மண்டபமே சிரித்தது. நிறுவனத்து ஆட்கள் சிரித்தார்கள். அந்த இளநிலைப் பொறியாளரும் குனிந்து சிரித்தாள். நான் கோபப்படவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்தவரைப் பேச அழைத்தேன்.

பூங்கா திறந்த முதல் மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நண்பகலில் அது நடந்தது. அண்ணன் மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது தெருவுக்குள் இறங்க முடியவில்லை. கட்டிலின் உயரம் ஒன்றரை அடி. வீட்டுக்குள் வந்த தண்ணீர் மூன்றரை அடி. அறிக்கையில் நானே பார்த்தேன்.

சாவு வீட்டில் அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். “உன்னத் தூக்கி வளர்த்தவடா அவ” என்றார். நாலு பேர் பார்க்க இப்படி நடந்துகொள்வது அவருக்குப் பழக்கம்தான்.

இந்த விசாரணையில் நீங்கள் காலையிலிருந்து விதிகளையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். விதிப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கும், வீணாக அலையாதீர்கள். கேட்க வேண்டியதை விட்டுவிட்டீர்கள், நானே சொல்கிறேன். நிறுவனம் முதலில் கொண்டுவந்த வரைபடத்தில் மழைநீர் வடிகால் வடக்கே திரும்பி, கைவிட்ட கல் குவாரிக்குள் போனது. அங்கே ஒரு குடிசைகூட இல்லை. தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த வரைபடம் என் மேசையைத் தாண்டவில்லை. கூட்டம் முடிந்த மறுநாள் காலை ஸ்கேல் வைத்து, வடிகாலைத் தெற்கே திருப்பிப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அது பதினேழாம் எண்ணின் பின்சுவரில் போய் முடிந்தது. நிறுவனத்தின் ஆள் “சரிங்க சார்” என்றார், காரணம் கேட்கவில்லை.

அண்ணன் வீட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் போகட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். அண்ணியால் எழுந்து நடக்க முடியாது என்பது அந்தக் காலையில் என் நினைவுக்கு வரவே இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.