டெலிட் ஆன பத்துத் தண்ணீர்

ஃபிரிமாண்டிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போகும் காலை ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனியின் அடையாள அட்டை. ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"நேத்து பத்து தண்ணிய டெலிட் பண்ணிட்டேன்டி."

அதன் பிறகு நான் பேப்பரைப் படிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

"என்ன தண்ணி?" என்றாள் தோழி.

"அலாஸ்கா பழங்குடி ஜனங்க பேசற ஒரு அதபாஸ்கன் பாஷைக்கு டிக்‌ஷனரி சிடி பண்றோமே, அதுல. பதினோரு வார்த்தைக்கு இங்கிலீஷ்ல வெறும் 'வாட்டர்'னு போட்டிருந்துச்சு. டூப்ளிகேட்னு நினைச்சு ஒண்ண மட்டும் வச்சேன்."

"சரிதானே?"

"அந்த ஊர் டீச்சரம்மா போன் பண்ணாங்க. ஐஸுக்கு அடியில ஓடற தண்ணிக்கு ஒரு வார்த்தை, ஐஸ் மேல ஏறி நிக்கற தண்ணிக்கு வேற வார்த்தையாம். அதும்மேல பனி மூடியிருந்தா கண்ணுக்கே தெரியாதாம். கால வச்சா நனைஞ்சு விறைச்சுப் போயிடுவாங்களாம்."

"தண்ணி தண்ணிதானேடி."

"உங்க மெட்ராஸ் வீட்ல நல்ல தண்ணி, உப்புத் தண்ணின்னு ரெண்டு குழாய் இருந்துச்சுல்ல? உப்புத் தண்ணில காபி போட்டு, ரெண்டும் ஒண்ணுதான்னு உங்கப்பாகிட்ட நீட்டுவியா?"

தோழி சிரித்தாள். "திங்கக்கிழமை ரிலீஸ். பத்தையும் திருப்பி ஏத்த மேனேஜர் ஒத்துக்க மாட்டார்."

"ஒத்துப்பார். அந்தம்மா என்கிட்ட கேட்டதையே அவர்கிட்ட கேக்கப்போறேன்."

"என்ன கேட்டாங்க?"

"'உறைஞ்ச ஆத்து மேல நடந்து போற புள்ளைய நில்லுன்னு கத்தறதுக்கு, எந்த வார்த்தைய விட்டுவச்சிருக்கே?'"