திரும்ப அள்ளிய துணி

எங்கள் ராஜபாளையத்து வெயில் பேண்டேஜ் துணி காய்வதற்கென்றே அடிக்கிற வெயில், இன்ஸ்பெக்டர் ஐயா. காலையில் விரித்தால் மத்தியானம் மடித்துவிடலாம். அதை நம்பித்தான் என் பிழைப்பு. என் வேலையாள் வீரணன் உங்களிடம் சொன்னது அத்தனையும் சரி. அவன் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் ஸுந்தரராஜன் நடத்தும் ஆஸ்பத்திரிக்கு என் கம்பெனித் துணிதான் போகும். தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடிப்பூரத்தன்று, தேர் வருகிற நேரம் பார்த்து, அங்கே புண்ணில் கட்டிக் கழற்றி எறிந்த துணி ஒன்றை நாய் ரதவீதிக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. துணி ஓரத்தில் என் முத்திரை. கட்டியது டாக்டர், கழற்றியது நர்ஸ், இழுத்தது நாய். ஏச்சு மட்டும் எனக்கு.

டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க துணிதானே சுப்புராஜ். இனிமே நீங்களே வண்டி அனுப்பி அள்ளிக்கிட்டுப் போயிருங்க. முடியாதுன்னா சொல்லுங்க, சரக்கு வேற எடத்துல பாத்துக்கிடுதேன்" என்றார். அவர் நிறுத்தினால் மற்ற ஆஸ்பத்திரிகளும் நிறுத்திவிடும். சரி என்றேன். வேறென்ன சொல்வேன்?

அள்ளினேன். எரித்துப் பார்த்தேன், நாற்றம் தாங்கவில்லை என்று தெரு ஜனம் வாசலில் வந்து நின்றது. செட்டியார்பட்டிப் பக்கம் புதைக்கப் போனால் மம்பட்டியோடு விரட்டினார்கள். முனிசிபாலிட்டியில், உங்கள் சரக்கை வாரத்தான் நாங்கள் இருக்கிறோமா என்று கேட்டார்கள். மூட்டைகள் என் கொட்டகையில் ஏறிக்கொண்டே போயின. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் சாப்பிட வேண்டும். அழுகை வரும், ஐயா. யாரிடம் போய்ச் சொல்வது?

அதனால்தான் ஒரு நாள் மூட்டைகளை வெளுக்கிற தொட்டிக்கு எடுத்துப்போகச் சொன்னேன். புதுத் துணியை முதலில் காஸ்டிக் சோடா போட்டு வேகவைப்போம். பிறகுதான் பிளீச்சிங் தண்ணீர். பழையதை வேகவைத்தால் நைந்துவிடும். ஆகவே பிளீச்சிங்கில் முக்கியதோடு சரி. வெயிலில் விரித்ததும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. "இத எங்கன வைக்க, மொதலாளி?" என்று கேட்டான் தொட்டி வேலை பார்க்கிற வீரணன். இடது பக்க அலமாரியைக் கைகாட்டினேன். புதுசு வலது பக்கம் இருக்கும். இடது பக்கத்துச் சரக்கை வேறு எங்கும் அனுப்பியதே இல்லை. அந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். அவர்கள் துணி அவர்களுக்கே. அதில் ஒரு நியாயம் இருக்கிறதல்லவா?

என்னிடம் துணி சுருட்டுகிற தங்கபாய்க்கு ஒரே மகள், பரிபூரணம். தலைப்பிரசவத்துக்கு அந்த ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருந்தாள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளை நன்றாக இருந்தது. தாய்க்குத்தான் புண் ஆறவில்லை. சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. ஒரு மத்தியானம் தங்கபாய் கம்பெனிக்கு ஓடிவந்தாள்.

"ஆஸ்பத்திரில வச்சிருந்து துணி கெட்டுப்போச்சு போல, மொதலாளி. நம்ம கையால சுருட்டுனதுல நல்லதாப் பாத்து ஒரு கட்டு குடுங்க. எம்மவ பொழச்சுக்கிடுவா."

என் கை வலது பக்கம்தான் போயிற்று. வீரணன் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வலது பக்கத்திலிருந்து எடுத்தால், இடது பக்கத்தில் இருப்பது ஆளைக் கொல்லும் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவன் ஊரெல்லாம் சொல்வான்; கம்பெனி போய்விடும். பயந்துவிட்டேன், ஐயா. இடது பக்கத்திலிருந்து ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பரிபூரணம் இறந்துபோனாள். அடக்கத்துக்குப் போனேன். "நீங்க நல்ல துணி குடுத்தும் உசுரு நிக்கலியே" என்று தங்கபாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை.

அந்தத் துணி என்ன செய்யும் என்று கொடுக்கும்போதே எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: மறுநாளும் ஆஸ்பத்திரிக்கு வண்டி அனுப்பினேன். அவள் வயிற்றிலிருந்து கழற்றியதும் அந்த மூட்டையில்தான் வந்தது. வெளுத்து, இடது பக்கம் அடுக்கியாயிற்று. என் துணியை நான் தெருவில் விட்டேன் என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.