படிக்கிறவருக்கு ஒரு காபி

காபி வேண்டாம், நன்றி. நீங்கள் குடியுங்கள், ஆறிவிடப்போகிறது. கொஞ்ச நாளாக எனக்குக் காபி தொண்டையில் இறங்குவதில்லை. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். எதையும் வரிசைப்படி சொல்வது என் பழக்கம். அந்தப் பழக்கத்துக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

என் வேலை என்னவென்று என் மனைவிக்கே சரியாகத் தெரியாது. யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல யாருக்கோ என்னமோ அனுப்புவாரு" என்பாள். கிட்டத்தட்ட சரிதான். எங்கள் நிறுவனம் அட்டைப்பெட்டி செய்கிறது. முன்பெல்லாம் அங்கே ஒரு நாற்காலி வாங்க வேண்டுமென்றாலும் ஒரு கோப்பு ஊர்வலம் கிளம்பும். யாராவது ஒருவருடைய சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் அது உயிரை விடும். அதையெல்லாம் ஒழித்து நான்தான் வொர்க்ஃப்ளோ மென்பொருளைக் கொண்டுவந்தேன். கோரிக்கையை ஒருவர் எழுதினால் போதும். அது தானாக மேசை மேசையாகப் போகும். ஒவ்வொருவரும் 'ஒப்புதல்' அல்லது 'மறுப்பு' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கடைசி ஆள் ஒப்புதல் அழுத்திய கணத்திலேயே வெளி ஒப்பந்தக்காரருக்கு வேலை உத்தரவு பறந்துவிடும். யாரும் யாரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. எங்கள் ஆட்களின் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்று புரியும்.

ஏன், எதற்கு, யாரைக் கேட்டு என்று குடைந்துகொண்டே இருப்பதால் அந்த மென்பொருளுக்கு அலுவலகத்தில் 'மாமியார்' என்று பெயர் வைத்தார்கள். "மாமியார்கிட்ட கேட்டியா?" "கேட்டேன், மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா." இப்படித்தான் பேச்சு நடக்கும். என்னை 'மாமியார் புள்ள' என்பார்கள். நான் கோபித்துக்கொண்டதில்லை. வழுக்கைத் தலையும் தொப்பையுமாக இருக்கும் ஒருவனுக்கு அலுவலகத்தில் இதைவிட மோசமான பட்டப்பெயர்கள் கிடைக்க வாய்ப்பிருந்தது.

என் கோபம் வேறு. யாருமே படிப்பதில்லை.

கணக்கு மேலாளர் சாப்பிட்டுக்கொண்டே ஒப்புதல் தருவார். வலது கை சோற்றில் இருக்கும், இடது கட்டைவிரல் திரையில் இருக்கும். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே அமுக்கு. அப்பளத்துக்குக் கொடுக்கும் கவனம்கூட அதற்குக் கிடையாது. பாதுகாப்பு அதிகாரி அந்தச் சிரமத்தையும் விரும்பவில்லை. "உங்ககிட்ட இருந்து வர்றத நான் எதுக்கு சார் பாக்கணும்? தானாவே ஓகே ஆகுற மாதிரி பண்ணிவிடுங்களேன்" என்றார். பண்ணிவிட்டேன். பொது மேலாளர் தன் கடவுச்சொல்லைத் தன் ஓட்டுநரிடம் கொடுத்துவைத்திருந்தார். வண்டி நிறுத்துமிடத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டே அந்த ஓட்டுநர் எங்கள் நிறுவனத்தை நிர்வாகம் செய்துகொண்டிருந்தார். முந்தைய ஓட்டுநரைவிட இவர் வேகம், வண்டியிலும் சரி, ஒப்புதலிலும் சரி.

அடுத்தது என் மைத்துனன், மனைவியின் தம்பி. பெட்டி கட்டும் கூடத்துக்கு மேற்பார்வையாளர், அந்தக் கூடத்துக் கோரிக்கைகளுக்குக் கடைசி ஒப்புதல் அவனுடையது. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நான். குடும்பத்தில் அவனுக்கு 'ஓசி' என்று பெயர். இலவசமாகக் கிடைக்கிறது என்றால் தலைவலி மாத்திரையைக்கூடத் தலைவலி இல்லாமலே வாங்கிப் போட்டுக்கொள்வான். கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தான், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. படித்தவன்தான். ஆனால் வாய் ஓயாமல் பேசுகிறவனை அறிவாளியாக எடுத்துக்கொள்ள எனக்கு எப்போதும் சிரமம்.

இந்த நான்கு பேரும் சேர்ந்து, நான் வருந்தி வருந்திக் கட்டிய ஒன்றைக் கேலிக்கூத்தாக்கிக்கொண்டிருந்தார்கள். அதை முதலாளியிடம் நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு வேடிக்கையும் பிடிக்கும். அதனால் ஒரு வேடிக்கையான கோரிக்கையை எழுதினேன். 'பெட்டி கட்டும் கூடத்தின் பின்கதவை வெல்டிங் வைத்து நிரந்தரமாக அடைக்கவும்.'

அந்தக் கூடத்துக்கு இரண்டே வழிகள். முன்பக்கம் ஷட்டர், பின்பக்கம் அந்த இரும்புக் கதவு. நினைத்தாலே சிரிப்பு வரும் கோரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். கழிப்பறைக் கதவை முதலில் யோசித்தேன். ஆனால் கழிப்பறை என்றால் எவனும் படித்துவிடுவான்.

காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இப்படி எழுதினேன்: 'காரணம் எதுவும் இல்லை. இதைப் படிக்கிறவர் உடனே என்னைக் கூப்பிடவும். ஒரு காபி வாங்கித் தருகிறேன்.'

பாதுகாப்பு அதிகாரியிடம் அது நிற்கவே இல்லை, தொட்டுவிட்டு ஓடியது. கணக்கு மேலாளர் சாப்பாட்டு நேரத்தில் அழுத்தினார். அன்று மாலை பொது மேலாளரின் ஓட்டுநர் அழுத்தினார். மறுநாள் காலையில் மைத்துனன் அழுத்தினான். திரையில் நான்கு பச்சை விளக்குகள். என் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தேன். பிறகு வருத்தமாகவும் இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்புதலான கோரிக்கையைத் திரும்பப் பெறலாமே என்று கேட்பீர்கள். அந்தப் பொத்தானை நான்தான் எடுத்துவிட்டேன். ஆட்கள் காலையில் ஒன்று கேட்டுவிட்டு மாலையில் வேண்டாம் என்று பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்து வராதே என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வாயால் சொல்லி வேலை வாங்குவது திருட்டுக்குச் சமம் என்று அந்த அலுவலகத்தில் சுவருக்குச் சுவர் அச்சடித்து ஒட்டியவன் நான். என் சுவரொட்டியை நானே கிழிப்பதா?

வெல்டர் வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நேர்த்தியான வேலை. விளிம்பு முழுவதும் ஒரே சீராகப் பற்றவைத்திருந்தார். ஒரு படம் எடுத்துக்கொண்டேன். வெறும் பச்சை விளக்குகளைவிட அடைத்த கதவின் படம் முதலாளிக்கு உறைக்கும் என்று தோன்றியது. கூடத்து ஆட்கள் எதிர்த்தார்களா என்று கேட்டால், இல்லை. அந்தக் கதவு வழியாகப் போய்தான் அவர்கள் புகைபிடிப்பார்கள். அதைத் தடுக்கத்தான் நிர்வாகம் அடைக்கிறது என்று அவர்களாகவே முடிவுசெய்து, நிர்வாகத்தைத் திட்டிவிட்டு, முன்பக்கம் போய்ப் புகைபிடித்தார்கள். அந்த ஊகம் எனக்கு வசதியாக இருந்ததால் நான் திருத்தவில்லை.

முதலாளியைச் சந்திக்க நேரம் கேட்டு மாமியாரிடம் கோரிக்கை போட்டிருந்தேன். அது முதலாளியின் உதவியாளரிடம் கிடந்தது. அவர் விடுப்பில் இருந்தார். இதற்கிடையில் கதவைத் திறக்கச் சொல்லியும் முறைப்படி இன்னொரு கோரிக்கை போட்டேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல. கணக்கு மேலாளர் அதை மறுத்துத் திருப்பி அனுப்பினார். 'இப்பத்தான் செலவு பண்ணி அடைச்சிருக்கு. காரணம் போதாது.' அந்த மனிதர் வாழ்க்கையில் படித்த ஒரே கோரிக்கை அதுதான். கோபம் வரவில்லை. முதலாளியிடம் காட்ட இன்னொரு நல்ல உதாரணம் கிடைத்தது என்று சேர்த்துவைத்தேன்.

அப்புறம் தீப்பிடித்தது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பசை காய்ச்சும் இயந்திரத்தில் ஏதோ கம்பி. அது கூடத்தின் நடுவில் இருந்தது. அட்டை எப்படி எரியும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முன்பாதியில் இருந்தவர்கள் ஷட்டர் வழியாக வந்துவிட்டார்கள். பின்பாதியில் இருந்தவர்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். கதவை அடைத்தது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் புகைக்குள் கால்கள் பழகிய பக்கம்தான் போகும்.

மைத்துனன் அப்போது வெளியேதான் நின்றிருந்தான். காவலாளி உங்களிடம் சொல்லியிருப்பார். "அங்க கதவு இல்லடா, இந்தப் பக்கம் வாங்கடா" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினான். சிலரை இழுத்துக்கொண்டு வந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போனான். மறுபடியும் போனவன் வரவில்லை. உள்ளே இருந்த மற்றவர்களும் வரவில்லை.

நிறுவனம் மாமியாரிடம் கேட்டது. யார் கடைசியாக ஒப்புதல் கொடுத்தது? மாமியார் பொய் சொல்ல மாட்டாள். கூடத்தின் மேற்பார்வையாளர். அதையே நிறுவனம் அறிக்கையாக வெளியிட்டது. செத்தவன் மறுத்துப் பேச மாட்டான் என்பதைவிட அவர்களுக்குப் பெரிய நிம்மதி வேறில்லை. இறந்தவர்களின் வீட்டார் எங்கள் வாசலுக்கு வந்து கத்தினார்கள். ஒரு அம்மா, "அவன் கை அழுகியிருக்கணும்" என்றார். நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "அவன் கொஞ்சம் கவனமில்லாதவன்தாம்மா" என்று சொன்னேன்.

என் மனைவி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனபிறகு சமையலறைக்குள்ளிருந்து கேட்டாள். "அவன் எதுக்குங்க கொஞ்ச நாளா உங்கள காபி காபின்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தான்?"

"ஓசின்னா அப்படித்தான், தெரியாதா உனக்கு?"

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். "நம்ம வீட்டுல காபி அவனுக்கு எப்பவும் ஓசிதானே? அத ஏன் உங்ககிட்ட கேட்டான்?"

இப்போது வெளியே உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவள்தான். நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன் என்றுதான் நீங்கள் எழுத வேண்டும். அவள் துணைக்கு வந்தாள், அவ்வளவே.

சரி, வரிசையில் விட்டுப்போன ஒன்று இருக்கிறது.

அன்று காலை, ஒப்புதலை அழுத்துவதற்கு முன்னால் மைத்துனன் எனக்குப் போன் செய்தான்.

"அத்தான், காபி எங்க? கேன்டீன் கழுநீரக் காட்டி ஏமாத்தப்படாது. வெளிய பெரிய கடையில வேணும்."

"என்ன காபி?"

"நீங்கதான எழுதியிருக்கீங்க, படிக்கிறவருக்குன்னு. படிச்சாச்சு. ஏன் அத்தான், பின்கதவ அடைச்சுட்டா நாங்க அவசரத்துக்கு எப்படி வெளிய வர்றது? சும்மா விளையாட்டுதான? மறுப்பு போட்டுடவா?"

சொன்னால் சிரிப்பீர்கள். முதலாளிக்குக் காட்டுவதற்கான தலைப்பை நான் முந்தின நாளே தட்டச்சு செய்துவிட்டேன். 'ஒருவர்கூடப் படிப்பதில்லை.' பெரிய எழுத்தில், சிவப்பில். ஒருவர் படித்தார் என்றால் தலைப்பு போச்சு. அதுவும் படித்தவன் யார், ஓசி. கணக்கு மேலாளர் படித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"போடாதே. ஒப்புதல் போடு" என்றேன்.

"நெசமாவா? யாராவது வந்து அடைச்சுத் தொலைச்சுட மாட்டாங்களே?"

"நான் பாத்துக்கறேன் மாப்ளே. உனக்கு இதெல்லாம் புரியாது. அமுக்கு."

"சரி சரி, உங்களுக்குத் தெரியாததா? அமுக்கிட்டேன். ஆனா காபி?"

"ரெண்டா வாங்கித் தர்றேன், போ."

வெல்டர் வந்துபோன அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் கேட்டான். "அத்தான், நெசமாவே அடைச்சுட்டாங்களே?" திறக்கச் சொல்லிக் கோரிக்கை போட்டிருக்கிறேன் என்றேன். எப்போது திறப்பார்கள் என்றான். "மாமியார்கிட்ட இருக்கு" என்றேன். சிரித்தான். சாப்பாட்டில் புரையேறும் அளவுக்குச் சிரித்தான். என் நகைச்சுவைக்கு எப்போதும் முதலில் சிரிக்கிறவன் அவன்தான். அதற்கப்புறம் தினமும் காபி எங்கே, காபி எங்கே என்று ஒரே தொல்லை. கதவைப் பற்றி மறுபடியும் கேட்கவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா?

ஆகவே அறிக்கையைத் திருத்திவிடுங்கள். கோரிக்கை எழுதியவன் நான். அழுத்தச் சொன்னவன் நான். திறக்காமல் விட்டவன் நான். அவன் விரல் மட்டும்தான் அவனுடையது. வெளியே இருப்பவளிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள், என்னைவிட உங்களுக்கு அது நன்றாக வரும்.

ஆனால் ஒன்று. யாரும் படிப்பதில்லை என்று நான் சொன்னது தவறு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவன் கதவுக்காகப் படிக்கவில்லை, காபிக்காகப் படித்தான். அதைப் படிப்பில் சேர்க்க முடியாது. என் தலைப்பு அப்படியே நிற்கிறது.

அந்த இரண்டு காபி மட்டும்தான் பாக்கி. மற்றபடி என் பக்கத்தில் நிலுவை எதுவும் இல்லை.