சன்னல் வழியாக வந்தவன் கதவைப் பற்றிப் பேசுகிறேன்

அவைக்குத் தலைமையேற்று, நான் ஒலிவாங்கியைத் தொட்ட நொடியிலிருந்து கைக்கடிகாரத்திலேயே கண் வைத்திருக்கும் எங்கள் கல்லூரி முதல்வர் அவர்களே! ஆசி வழங்க வந்து, அடுப்படியிலிருந்து மிதந்து வரும் சாப்சூய் நூடுல்ஸ் மணத்தில் ஆசியைச் சற்றே சுருக்கிக்கொண்ட போதகர் ஐயா அவர்களே! தோளில் சாமரம் தவழ வீற்றிருக்கும் எங்கள் சமோவாக் குடும்பங்களின் தலைவர்களே! கழுத்தில் மலரும், கையில் விசிறியும், கண்ணில் ‘ஐயோ, இவனா பேசப் போறான்’ என்ற கலக்கமுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நம் பொரிருவா ஊர்ப் பேய்க்காற்றே வந்து பிடுங்கினாலும் கடைசி வரிசையை விட்டுக்கொடுக்காத என் கூட்டாளிகளே! உங்கள் அனைவருக்கும் அலபாதியின் பணிவான வணக்கம். பணிவு எனக்குப் பழக்கமில்லை. அதனால் வணக்கம் கொஞ்சம் கோணலாக இருந்தால் பொறுத்தருள்க!

நீங்கள் சிரிக்கத் தயாராக வந்திருக்கிறீர்கள். தெரியும். மின்பணி வகுப்பில் ஆசிரியரின் தேநீர்க் கோப்பையை மேசையோடு ஒட்டவைத்தவன் ஆயிற்றே! ஆனால் அன்பர்களே, இன்று நான் சிரிக்க வைக்க வரவில்லை. வெட்கப்பட வந்திருக்கிறேன். வீட்டில் தனியாகப் பட்டால் போதாதா என்கிறீர்களா? பட்டுப் பார்த்தேன். போதவில்லை.

மண்டபத்தின் கடைக்கோடியில், வாசலை ஒட்டி, நீலத்துணி விரித்த ஒரு மேசை இருக்கிறது. அதன் பின்னால் கற்றல் துணை மையத்தின் மெரேயானா மிஸ் மாலையிலிருந்து புன்னகையோடு உட்கார்ந்திருக்கிறார். எழுத்து யார் கண்முன் நழுவுகிறதோ, எண்கள் யார் கைக்குள் அடங்க மறுக்கின்றனவோ, அவர்கள் அங்கே போய்ப் பெயரைச் சொன்னால் போதும். தேர்வன்று வினாத்தாளை வாசித்துக் காட்ட ஓர் ஆள், கூடுதல் நேரம், தனி அறை எல்லாம் கிடைக்கும். இந்தக் கூட்டம் கலையும்போது மேசையை மடக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு இந்த ஆண்டு தேர்வுக்கு வழியில்லை.

மிஸ், இதுவரைக்கும் எத்தனை பேர் வந்தாங்க? சத்தமா சொல்லுங்க. ஒருத்தரும் இல்லையா? சரி, பக்கத்து மேசையில் பன்றி இறைச்சிக்கு எத்தனை பேர்? வரிசை வாசல் தாண்டிப் போகிறதாம்! பசிக்கு வெட்கமில்லை, பாடத்துக்கு மட்டும் வெட்கமா?

‘நீ பேசினா கேப்பாங்கடா, மேசையைப் பத்தி நாலு வார்த்தை சொல்லு’ என்று மிஸ் என்னை மேடையேற்றினார். வாயாடியை வாடகைக்குப் பிடித்தார் என்று நீங்கள் நினைத்தீர்கள். இல்லை ஐயா. எனக்கு வாசிக்க வராது.

ஏன் இந்த அமைதி? சிரிங்கப்பா! கேலி இல்லையா, கிண்டல் இல்லையா? இது கேலி இல்லை என்று புரிந்துவிட்டதா?

முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் இருப்பவர் என் அப்பா. அவர் மடியில் இருக்கும் கை இறுகுவது இங்கிருந்தே தெரிகிறது. அப்பா, தயவு செய்து எழுந்து போகாதீர்கள். கதை உங்களிடமிருந்துதான் தொடங்குகிறது.

எனக்கு ஏழு வயது. வெள்ளை ஞாயிறு. பிள்ளைகளெல்லாம் வெள்ளுடை உடுத்திச் சபை முன் வேத வசனம் சொல்லும் நாள். லூபே அக்கா துணி மடித்துக்கொண்டே தன் அத்தியாயத்தை உரக்கப் படிப்பாள். நான் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு காதாலேயே அதைத் தின்று தீர்த்தேன். அன்று சபையில் நின்றேன், புத்தகத்தை விரித்தேன், அத்தியாயம் முழுவதையும் முழங்கினேன்! அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாத்தியா, பக்கத்தைக்கூட திருப்பாம சொல்றான்! என்ன ஞானம்!” அப்பா என்னைத் தோளில் தூக்கினார். “இவன் வாசிக்கப் பொறந்தவன்டி!” என்றார். உலகில் வேறெங்காவது அந்தப் பிள்ளை மாட்டியிருப்பான். வெள்ளை ஞாயிறு கொண்டாடும் நம் சபையில் மேதையாகிவிட்டான்!

அன்றிலிருந்து மாலை ஜெபத்தில் ஆளுக்கொரு வசனம் வாசிக்கும் வழக்கம் எனக்கு வதையாயிற்று. என் முறை நெருங்க நெருங்கத் தம்பியின் காதில் ஊதுவேன்; பாயின் கீழே தவளையை விடுவேன். “கோமாளிப் பயலே! போய் பாத்திரத்தைக் கழுவு!” அம்மா, நம் வீட்டுப் பாத்திரங்கள் அப்படிப் பளபளத்தது ஏன் என்று இப்போது புரிகிறதா? வசனத்திலிருந்து தப்பி வந்தவன் தேய்த்த பாத்திரங்கள் அவை!

கல்லூரிக்கு வந்தேன். துணை மையத்தின் கதவு எங்கே இருக்கிறது? உணவகத்துக்கு நேர் எதிரே! கண்ணாடிச் சுவர்! கறி அடைத்த பஃப் கடித்துக்கொண்டு முந்நூறு கண்கள்! நான் என்ன செய்தேன்? சுற்றிப் போய், குப்பைத் தொட்டி மேல் ஏறி, சன்னல் வழியாக உள்ளே விழுந்தேன்.

மிஸ் தலையைத் திருப்பினார். “கதவுன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?”

“தெரியும் மிஸ். அதுக்கு எதிர்ல ஊரே உக்காந்திருக்கு.”

திட்டுவார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் போனால் சன்னலுக்கு உட்புறம் ஒரு முக்காலி! நான் விழாமல் இறங்குவதற்கு. சபையோரே, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த முக்காலி இருக்கிறதே, அது என்னைக் கூசவைத்தது.

இன்னும் கேளுங்கள். ஒருநாள் அந்தச் சன்னலில் எனக்கு முன்பே ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே.

“மூச்சை உள்ள இழுடா!”

“இழுத்துட்டேன்டா, இதுக்கு மேல இழுத்தா செத்துருவேன்! டேய் அலபாதி, யார்கிட்டயும் சொல்லிராத.”

“நானே சன்னல்ல வர்றவன், நான் யார்கிட்டடா போய்ச் சொல்ல?”

யார் அது என்று கேட்கிறீர்களா? சொல்ல மாட்டேன். தோள் அகலம் என்று மட்டும் சொல்வேன். திரும்பிப் பார்க்காதீர்கள்! நம் கல்லூரி ரக்பி அணியில் தோள் அகலமில்லாதவன் யார்?

ஆனால் தேர்வறைக்குச் சன்னல் வழி கிடையாதே! தேர்வு நாளன்று எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, “வாசிப்புத் துணை கேட்டவங்க இந்தப் பக்கம்” என்று கூப்பிடுவார்கள். அந்தப் பக்கம் போகிறவனை எல்லோரும் பார்ப்பார்கள். அதை நினைத்தே, தேர்வு எழுதிய இரண்டு முறையும் நான் பெயர் கொடுக்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகப் பெரிய மண்டபத்துக்குள் போனேன். மின்பலகையை இருட்டிலும் இணைத்துவிடும் இந்தக் கைகளுக்கு வினாத்தாளின் ஒரு வரிகூட வசப்படவில்லை. வாசித்தேன், மறுபடி வாசித்தேன், பாதியில் மணி அடித்துவிட்டது. இரண்டு முறையும் தோற்றேன். “கோமாளித்தனத்தைக் கொறைச்சா பாஸ் ஆவே” என்றார் அப்பா. நானும் தலையாட்டினேன். முட்டாள் என்பதைவிடக் கோமாளி என்ற பட்டம் கௌரவமாக இருந்தது! வரப்போவது மூன்றாம் முறை. இதிலும் தவறினால் மின்பணி வகுப்பில் எனக்கு இடமில்லை.

எதற்கையா இந்த வெட்கம்? திருடினேனா? தீ வைத்தேனா? கண்ணாடி போட்டவர் கூசுகிறாரா? கைத்தடி பிடித்தவர் கூனிப் போகிறாரா? நானும் இந்தக் கேள்விகளை ஆயிரம் முறை கேட்டுவிட்டேன். பதில் தெரியும். தெரிந்தும் வெட்கம் போகவில்லை! இதோ, இந்த நிமிடம்கூடக் காது எரிகிறது, அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் போகட்டும், பிறகு போகலாம் என்று காத்திருந்தால் மேசையை மடக்கிவிடுவார்கள். ஆகவே வெட்கத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

முதல்வர் அவர்கள் கடிகாரத்தைத் தட்டுகிறார். முடித்துவிடுகிறேன் ஐயா. மேடைக்குப் பின்னால் ஒரு வழி இருக்கிறது. அதில் சன்னலும் இருக்கிறது, பார்த்து வைத்திருக்கிறேன்! அதில் போகப்போவதில்லை. நடுவழியே இறங்கி, உங்கள் எல்லோர் கண்முன்னும் அந்த நீலத்துணி வரைக்கும் நடக்கப் போகிறேன். கைதட்ட வேண்டாம். தட்டினால் ஓடிவிடுவேன்.

பெரியவர்கள் அமர்ந்திருக்க முன்னால் கடப்பவன் முதுகு வளைத்து, ‘தூலௌ’ என்று மன்னிப்புக் கேட்டுக் கடப்பது நம் வழக்கம். இன்றும் குனிவேன். அந்தக் குனிவு உங்களுக்கான மரியாதை; இவன் வெட்கத்தால் குனிகிறான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

பொறுமையாய்க் கேட்ட சான்றோருக்கும், முக்காலி போட்ட மெரேயானா மிஸ்ஸுக்கும் நன்றி! இறங்குகிறேன். தூலௌ, முதல்வர் அவர்களே. தூலௌ, போதகர் ஐயா. தூலௌ, அம்மா.

அப்பா... உங்கள் கால் வழியில் நீண்டிருக்கிறது. கொஞ்சம் மடக்குங்கள்.

மடக்கிவிட்டார்.

பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம். திரும்பிப் பார்க்காதீர்கள்! தோள் அகலமானவர் வருகிறார், வழி விடுங்கள், போதும். தூலௌ, அப்பா. வணக்கம்.