இடது பின்பக்க ஸ்பீக்கர்

உங்கள் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும் சார். மூன்று சுற்றுக்கு ஒருமுறை கிரீச்சிடுகிறது. உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். எனக்கு இந்த அறைக்குள் கால் வைத்ததிலிருந்து அது ஒன்றுதான் கேட்கிறது. குறையாகச் சொல்லவில்லை, காது அப்படி அமைந்துவிட்டது.

நானாகத் தேடி வந்ததில் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். விசாரணை முடிந்தது, வீட்டுக்குப் போய் மனைவிக்கு ஆறுதலாக இருங்கள் என்று நேற்று நீங்களே சொல்லி அனுப்பினீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் என் மச்சினன் இறந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையை வீட்டில் போய்ப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. 'டிஸ்க் பிளேயர் அதிகச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்ததாலும், அறை ஒலி புகாதபடி கட்டப்பட்டிருந்ததாலும், இறந்தவர் கூப்பிட்டது உள்ளே இருந்தவருக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.' இந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன். எழுதுகிறவர் நிதானமாக எழுதட்டும், எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

என் தொழில் காது சோதிப்பது. ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடியில் கண்ணாடி வைத்த சின்ன அறை. உள்ளே ஆளை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க" என்பேன். பிறகு வெளியே உட்கார்ந்து சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. காது கேட்காதவரைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை. கேட்டும் கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பார்களே சிலர், சான்றிதழ் வாங்கிக்கொண்டு லேசான வேலைக்கு மாறிவிடலாம் என்று வருகிறவர்கள், அவர்களைப் பிடிப்பதில் எனக்குத் தனிப் பெயர் உண்டு. சத்தம் வரும்போது அவர்களுடைய கண் ஒரு நொடி அசையாமல் நிற்கும். அந்த நாடகமெல்லாம் என்னிடம் செல்லாது. அப்படிப்பட்டவனைப் பார்த்துக் கேட்டிருக்க வாய்ப்பில்லை என்று எழுதினால் மனசு என்ன பாடுபடும், நீங்களே சொல்லுங்கள்.

பிளேயரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். பதினாலு கிலோ சார். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். "இதுக்குள்ள என்ன, அம்மிக்கல்லா வெச்சிருக்காங்க?" என்றாள் என் மனைவி. பொத்தானைத் தொட்டால் தட்டு வெளியே வரும் பாருங்கள், ஒரு முணுமுணுப்பு கிடையாது. முதல் நாள் படமே போடாமல் அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேனாம். "இந்தச் சிரிப்ப நம்ம கல்யாண ஆல்பத்துல தேடித் தேடிப் பாத்துட்டேன், ஒரு போட்டோல கூட இல்ல" என்று மனைவி சொன்னாள். அதற்கும் சிரித்தேன்.

மற்ற பிளேயர்களில் இருட்டு என்றால் ஒரு சாம்பல் நிறம், அவ்வளவுதான். இதில் இருட்டு அசல் இருட்டு. அந்த இருட்டில் கறுப்புக் கோட்டு போட்ட ஆள் நின்றால் கோட்டின் பொத்தான்களை எண்ணிவிடலாம். நான் எண்ணினேன், ஐந்து. நாலாவது பொத்தானின் நூல் தளர்ந்திருந்தது. சத்தத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பதினேழு தடவை பார்த்த படம் ஒன்றைப் போட்டேன். கணவனும் மனைவியும் சண்டை போடுகிற காட்சி. அவர்களுக்குப் பின்னால், பக்கத்து அறையில், யாரோ கோப்பையில் கரண்டியை விட்டுக் கலக்குகிற சத்தம். பதினேழு தடவையும் அது அங்கே இருந்திருக்கிறது, எனக்குத்தான் கொடுப்பினை இல்லை. எழுந்து நின்று கைதட்டினேன். தனியாகத்தான்.

அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டேன். புதிதாகக் கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு எண், எந்தப் படம், எத்தனையாவது நிமிடம், எந்த ஸ்பீக்கர் என்று எழுதிவிடுவேன். ஒரு வாரத்தில் நாற்பத்தொன்று சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னேன். பல் டாக்டர் என்னைக் கண்டாலே மாடிப்படியில் திரும்பி இறங்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு வருத்தமில்லை, கால் தரையில் பாவாமல் திரிந்துகொண்டிருந்தேன்.

நான் படம் பார்க்கிற அந்த அறையைக் கட்டியவனே என் மச்சினன்தான். மனைவியின் தம்பி, தச்சு வேலை. கை சுத்தமான வேலைக்காரன். இரட்டைக் கதவு, சுவருக்குள் பஞ்சு, கதவு விளிம்பில் கம்பளித் துணி, எல்லாம் அவன் கைப்பட இழைத்தது. பிளேயரைப் பார்த்ததும், "எங்கக்காவுக்கு ஒரு சக்களத்தி வந்து எறங்கிட்டா" என்றான். அதிலிருந்து வீட்டில் அதற்கு அதுதான் பெயர். எங்களுக்குள் எந்த மனத்தாங்கலும் இருந்ததில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த அன்று சோதித்துப் பார்த்தோம். நான் உள்ளே, அவன் வெளியே நடையில். வாய்க்கு வந்ததைக் கத்திப் பார் என்றேன். ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்து அவனிடம் ஒப்பித்தேன். "காதுல பஞ்சு வெக்கிற வயசுல சுவத்துக்குப் பஞ்சு வெக்கிறாரு, எங்கக்கா வாங்கி வந்த வரம் அப்படி." ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வயிறு வலிக்கச் சிரித்தோம், என் மனைவி உட்பட. பிறகு அவன் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தான். இடது பின்பக்க ஸ்பீக்கருக்கு நடையிலிருந்து ஒயர் வருகிற ஓட்டை. தரையிலிருந்து ஒரு முழ உயரம்.

"அந்த ஒரு ஓட்டதான் மச்சான் பாக்கி" என்றான். அளவெடுத்து, கம்பளியைச் சுருட்டித் தைத்து, ஒரு அடைப்பு செய்து கொடுத்தான். "ஒயரு மாத்துனதும் இத வெச்சு அழுத்திடுங்க. அப்புறம் இடியே விழுந்தாலும் கேக்காது."

ஒயர் மாற்றுவது தள்ளிக்கொண்டே போயிற்று. அடைப்பு ஸ்பீக்கர் மேலேயே கிடந்தது.

இனி சனிக்கிழமை. மனைவி பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு எடுக்கப் போயிருந்தாள், கணக்கு டீச்சர். மச்சினன் நடையில் பரண் கதவைச் சரிபண்ண ஏணியோடு வந்திருந்தான். எனக்கு அன்று புது டிஸ்க் வந்திருந்தது. எங்கள் மாதிரி ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு சார். புது டிஸ்க்கை முதல் தடவை போடும்போது நடுவில் நிறுத்தக் கூடாது. முதல் ஓட்டம் என்போம். போனைச் செருப்பு அலமாரியில் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து, பாத்ரூம் போய்விட்டு, பிளேயரை முக்கால் மணி நேரம் சூடேற்றிவிட்டுத்தான் உட்காருவோம். இரண்டாம் தடவை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்தலாம். முதல் தடவை என்பது ஒரு தடவைதான் வரும்.

"மாப்ள, முதல் ஓட்டம். ரெண்டு மணி நேரம் என்னத் தேடாத" என்றேன்.

ஏணி மேலிருந்து, "உள்ள போங்க மச்சான். வீடே எரிஞ்சாலும் கூப்பிட மாட்டேன்" என்றான்.

படம் ஒரு கலங்கரை விளக்கக் காவலாளியைப் பற்றியது. தம்பி பனிப்புயலில் காணாமல் போய்விடுகிறான். அண்ணன் விளக்கை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். ஒரு மணி பத்து நிமிடத்துக்குப் பிறகு பேச்சே கிடையாது, வெறும் பனி. 'அதிகச் சத்தத்தில்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் ஒரு ஆள் மூச்சு விடுகிற அளவு சத்தம்தான் சார் இருக்கிறது. அப்படிப்பட்ட டிஸ்க்கை அதிகச் சத்தத்தில் வைக்க நான் என்ன கல்யாண மண்டபமா நடத்துகிறேன்?

இதோ நோட்டு. பாருங்கள். நாற்பத்திரண்டு: 'ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் நாற்பது நொடி. இடது பின்பக்கம். கூரையிலிருந்து பனிக்கட்டி சரிந்து விழுகிறது. அற்புதம்.' நாற்பத்து மூன்று: 'ஒரு மணி பதினாலாவது நிமிடம். அதே திசை. தம்பியின் முனகல். அண்ணனுக்குக் கேட்கவில்லை, நமக்கு மட்டும் கேட்கிறது. இயக்குநர் மேதை.' கையெழுத்து கோணலாக இருக்கும். இருட்டிலேயே எழுதினேன், அவ்வளவு சந்தோஷம். திரையில் ஆள் இல்லை, பின்னால் சத்தம் மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டே நெருங்கி வருகிறது. தரையோடு தரையாக. எந்தப் பிளேயர் இப்படிக் காட்டும்? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இத்தனை பெரிய பரிசுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஒரு மணி பதினாறாவது நிமிடம் அந்தக் குரல், "மச்சான்" என்றது.

அந்தப் படத்தில் யாரும் தமிழ் பேசுவதில்லை சார்.

எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம், மறைக்க விரும்பவில்லை. அந்தக் கணமே நாற்பத்திரண்டையும் நாற்பத்து மூன்றையும் அடித்துவிட்டேன். பாருங்கள், ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறேன். டிஸ்க்கில் இல்லாததை டிஸ்க்கின் கணக்கில் வைத்திருப்பது சரியில்லை.

அவன் சத்தமாகப் பேசவில்லை. ஓட்டையின் பக்கத்தில் வாயை வைத்திருந்தான் என்பது தெளிவாகத் தெரிந்தது. "மச்சான், ஏணி சறுக்கிடுச்சு. உளி தொடைல எறங்கிடுச்சு. ரத்தம் நிக்க மாட்டேங்குது." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். பிறகு, "படம் ஓடுதா மச்சான்? கொஞ்சம் நிறுத்திட்டு வாங்களேன்."

அவனுடைய போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. வாசல் பக்கம் நகர்ந்திருந்தால் தெருவில் யாராவது பார்த்திருப்பார்கள். ஆனால் அவன் நேரே அந்த ஓட்டைக்கு வந்தான். நான் அதை இன்னும் அடைக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். என் காதைப் பற்றியும் தெரியும். என்னை அவ்வளவு நம்பியவர்கள் வேறு யாரும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

படத்தில் இன்னும் இருபத்தாறு நிமிடம் இருந்தது. விளக்கு அணையுமா அணையாதா என்கிற கட்டம். நான் யோசிக்காமல் எதையும் செய்யவில்லை. காயம் என்றால் தையல் இருக்கிறது, மருந்து இருக்கிறது, நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியே இருக்கிறது. முதல் ஓட்டம் கெட்டால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது? இருபத்தாறு நிமிடம் பெரிய நேரமில்லை என்று நினைத்தேன். அவனும் முரடன், தாங்குவான். தவிர, வீடே எரிந்தாலும் கூப்பிட மாட்டேன் என்று சொன்னவன் அவன்தான்.

அவன் நடுநடுவே கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பனிச் சத்தத்தின் மேல் அது விழுந்துகொண்டே இருந்தது. ஒரு மணி பத்தொன்பதாவது நிமிடத்தில் எழுந்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்து போய், ஸ்பீக்கர் மேலிருந்த அடைப்பை எடுத்து ஓட்டையில் வைத்து அழுத்தினேன். அவன் அளவு என்றைக்கும் தப்பியதில்லை, கச்சிதமாகப் பொருந்தியது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் ஆட்கள் நடையில் நின்று கத்திப் பார்த்து, உள்ளே கேட்கவில்லை என்று எழுதினார்களே, அந்தச் சோதனை அடைப்பு இருக்கும்போது செய்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். நான் உள்ளே உட்காருகிறேன். கேட்டால் கையைத் தூக்குகிறேன்.

படம் முடிந்தபோது அழுதேன். அண்ணன் விளக்கை அணையவிடாமல் காக்கிறான், தம்பி வருவதில்லை. பெயர்கள் எல்லாம் ஓடி முடிகிறவரை உட்கார்ந்திருந்து, டிஸ்க்கை எடுத்து உறையில் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். கால் மணி நேரம் முன்னால் கட்டுப் போட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் என் மனைவியிடம் சொன்னாராம். அது அவருடைய கணக்கு.

நேற்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குக் கேட்டிருந்தா ஓடி வந்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா" என்றாள். என்னைத் தேற்றுவதாக நினைத்துச் சொல்கிறாள். பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தியவளே என் காதைச் சந்தேகப்படுகிறாள் என்றால் நான் எங்கே போய்ச் சொல்வது? அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

இன்னொரு விஷயம். வரும் வழியில் உங்கள் பொருள் வைக்கும் அறையில் பிளேயரைப் பார்த்தேன். அதன் மேல் ஃபைல்களை அடுக்கி, ஃபைல் மேல் டீ கிளாஸை வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து எடுக்கச் சொல்லுங்கள். நடந்ததில் அதன் பங்கு எதுவும் இல்லை. சிலர் அதைக் குறை சொல்வதாகக் கேள்விப்பட்டேன், அதைப் போட்டதால்தான் உயிர் போயிற்று என்று. அநியாயமான பேச்சு. நடுவில் நிறுத்த அதில் வசதி இருந்ததா என்று அன்றைக்கு நீங்களும் கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. இருக்கிறது சார். ரிமோட்டில் நடுப் பொத்தான். படம் அப்படியே நிற்கும், மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஒரு நூல் பிசகாமல் ஓடும். முதல் நாளே சோதித்துப் பார்த்துவிட்டேன், மிக நன்றாக வேலை செய்கிறது.