காணாமல் போன ஃபிளக்ஸ்

இளைஞர்கள் தப்பான வழிக்குப் போகாம எப்படித் தடுக்கிறதுன்னு பேச உங்க ஸ்கூலுக்குக் கூப்பிட்டீங்க. தலைவர் முக்கால் மணி நேரம் பேசிட்டாரு, எனக்கு அஞ்சு நிமிஷம். பரவாயில்ல, பழகிப்போச்சு. அஞ்சு நிமிஷத்துல அடங்குற மாதிரி ஒரு கதை வச்சிருக்கேன்... கேளுங்க.

எங்க பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பத்தாவதுல சுடலைமணின்னு ஒரு பையன். பேச்சு வரும், பாட்டு வரும்... கணக்கு மட்டும் வராது. ஹெட்மாஸ்டர் அவன் அம்மாவைக் கூப்பிட்டாரு. குரல்ல அப்படியே தேன் ஒழுகுது.

“இவன் பரீட்சை எழுதினா எங்க ரிசல்ட்டு போயிரும்மா. டி.சி.யை வாங்கிக்கிடுங்க. பிரைவேட்டா எழுதட்டும்.”

“நீங்களே கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன் சார்...”

“நேரம் எங்கம்மா இருக்கு?”

நேரம் இல்ல! டி.சி. வந்துச்சு. பின்னாலயே ரிசல்ட்டும் வந்துச்சு... நூறு சதவீதம்! வாசல்ல ஃபிளக்ஸ். பாஸான பிள்ளைங்க மூஞ்சியெல்லாம் ஸ்டாம்பு சைஸ்ல. ஹெட்மாஸ்டர் மூஞ்சி? ஆளுயரத்துக்கு!

ஒரு நாள் காலையில பார்த்தா... ஃபிளக்ஸைக் காணோம்! மனுஷன் துடிச்சுப் போயிட்டாரு. காபி கூடக் குடிக்காம ஸ்டேஷனுக்கு ஓடி கம்ப்ளைண்ட் குடுத்தாரு.

கொஞ்ச நாள்ல எஸ்.ஐ. அம்மா போன் பண்ணினாங்க. “சார், உங்க ஃபிளக்ஸ் கிடைச்சிருச்சு. வந்து அடையாளம் காட்டுங்க.”

சலவைச் சட்டை போட்டுக்கிட்டுப் போறாரு. பாழடைஞ்ச ரைஸ்மில்லுக்குப் பின்னாடி... திருட்டு பைக்குங்க மழையில நனையாம இருக்க, மேல இவரு மூஞ்சி! பக்கத்துல கான்ஸ்டபிள் பிடியில சுடலைமணி.

“வணக்கம் சார். சௌக்கியமா?”

“உங்க ஸ்கூல் பையனா சார்?”ன்னு எஸ்.ஐ. அம்மா கேட்டாங்க.

“சேச்சே! எங்க பையனே இல்ல மேடம்.”

“ஆமா மேடம், சார் சொல்றது நெசம்தான். டி.சி. குடுத்து அனுப்பிட்டாரு. ஃபிளக்ஸ்ல என் போட்டோ இல்ல பாருங்க.”

எஸ்.ஐ. அம்மா சிரிக்கல. “ஃபிளக்ஸ் காணோம்னதும் ஓடி வந்தீங்களே சார்... இவன் காணாம போனப்ப யார்கிட்ட ஓடினீங்க?”

ஹெட்மாஸ்டர் குனிஞ்சு ஃபிளக்ஸைச் சுருட்ட ஆரம்பிச்சாரு.

“பாத்து சார்... ஓரம் கிழிஞ்சிருக்கு”ங்கிறான் பையன்.

பையன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனான். ஃபிளக்ஸ் பள்ளிக்கூட வாசலுக்கே திரும்பி வந்துச்சு.

என்னங்க, சிரிப்பு நின்னுபோச்சு? என் முதுகுக்குப் பின்னாடியும் ஒரு ஃபிளக்ஸ் கட்டியிருக்கீங்களே... நூறு சதவீதம்னு. யாரை வெளிய அனுப்பிட்டு வாங்கின நூறு அது? குற்றத்தைப் போலீஸ் தடுக்கும்னு நினைக்கிறீங்க. இல்லீங்க! கணக்கு வராத பையனை “உக்காருடா, மறுபடியும் போட்டுப் பார்ப்போம்”னு சொல்ற வாத்தியார் தடுக்கிறாரு. அந்த ஒரு பையனுக்காக உங்க நூறு தொண்ணூத்தொன்பது ஆகட்டுமே... என்ன குறைஞ்சிரப் போகுது?

இனிமே என்னைக் கூப்பிட மாட்டீங்க, தெரியும். போன தடவை போட்ட சால்வையே ஒரே துவையல்ல சாயம் போயிருச்சு. எனக்குச் சால்வை வேண்டாம். இந்த வருஷம் டி.சி. வாங்கிட்டுப் போனவன் வீட்டுக்கு நாளைக்குக் காலையில... காபி குடிக்காம ஓடுங்க!