நிலக்கரி அறையில் ஏற்றிய விளக்கு

1987 ஜனவரி. நடுச்சாமம். லண்டனில், பணக்காரர் வாழும் பெல்கிரேவியாவில், உறைபனி மூடிய ஒரு தெரு... ஈ, காக்கை இல்லை.

கிட்ட வந்து உட்காருங்கள். இது நம் செல்வரத்தினத்தின் மச்சான் ஆனந்தராஜாவுக்கு நடந்தது. அந்தத் தெருவில் தோர்ன்மியர் பிரபுவின் மாளிகைக்கு அவர்தான் இரவுக் காவல்.

பிரபு குடும்பத்துச் செல்வமெல்லாம் வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வந்தது. இப்போது மிச்சம் ஒரு கிழச் சீமாட்டியும் சமையல்காரி டொலறஸும்தான். அந்த வீட்டில் ஒரு கட்டளை. நெருப்புக் கூடாது. மெழுகுதிரிகூட.

அந்த வாரம் யாழ்ப்பாணத்தில் ஆனந்தராஜாவின் அப்பா இறந்துபோனார். இவர் ஒரே மகன். அகதி வழக்கு முடியவில்லை, போக வழியில்லை. கொள்ளி வைத்தது யாரோ ஒரு சொந்தக்காரன். முப்பத்தோராம் நாள்வரை ஒரு விளக்காவது அணையாமல் எரிய வேண்டும்... அப்பா இருட்டில் அலையக் கூடாது. மகனுக்கு மிஞ்சிய கடமை அது ஒன்றுதான்.

லண்டனின் வடகோடியில், எட்மண்டனில், இவர் அறையில் ஆறு பேர். ஷிப்டுக்கு ஷிப்ட் படுக்கை மாறும். விளக்குக்கு ஏது இடம்? மாளிகையின் முன்னால், நடைபாதைக்கு அடியில், பழைய நிலக்கரி அறை இருந்தது. பிரபுவின் சொந்தச் சுரங்கத்துக் கரியைக் கொட்டிய இடம். காற்று வராது. ஆளும் வராது. ஏற்றினார்.

மறுநாள் அணைந்திருந்தது. எண்ணெய் அப்படியே இருந்தது. திரியை யாரோ விரலால் நசுக்கியிருந்தார்கள்... ஈரக் கரி ஒட்டியிருந்தது.

டொலறஸிடம் கேட்டார். அவள் சிலுவை போட்டுக்கொண்டு, அந்த நெருப்புக் கட்டளையின் காரணத்தைச் சொன்னாள். சீமாட்டியின் பாட்டனார் காலத்தில் சுரங்கத்துக்குள் ஒரு விளக்குச் சுடர் வாயுவில் பற்றி வெடித்ததாம். கரி எரிந்து வீணாகாமலிருக்க, சுரங்க வாயை அடைக்கச் சொன்னாராம் அந்தப் பாட்டனார் பிரபு. உள்ளே ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். தட்டிக்கொண்டே இருந்தார்களாம்...

போனில் செல்வரத்தினம் சிரித்தார். "வெள்ளைக்காரப் பேய்க்கு உன்ரை நல்லெண்ணெய் மணம் பிடிக்கேல்லைப் போல. விசர் வேலை பாக்காமல் விட்டிட்டு வா."

"எட்டுச் செலவுச் சடங்குகூட முடியேல்லை, அத்தான். அப்பாவை இருட்டிலை விடச் சொல்லுறியளோ?"

அன்றிரவு மறுபடி ஏற்றிவிட்டு, தீப்பெட்டியும் கையுமாக உள்ளேயே குந்தினார். நல்லெண்ணெய் மணம்... மெல்ல மெல்ல வேறொன்று கலந்தது. ஈரக் கரி. வியர்வை. நனைந்த தோல் சப்பாத்து.

டக்... டக்... சுவருக்குள்ளிருந்து.

சுடர் நசுங்கியது. கும்மிருட்டு.

சுற்றிலும் மூச்சு. ஒருவருடையதல்ல. பலர், நெருக்கியடித்துக்கொண்டு... குச்சியை உரசப் போனார். ஒரு கை மணிக்கட்டைப் பிடித்தது. வலிக்காமல், பக்குவமாக. இன்னொரு கை தீப்பெட்டியை வாங்கிக்கொண்டது.

காதோரம் ஒரு குரல். தமிழில்.

"கொளுத்தாதை, தம்பி. இவையள் நெருப்பெண்டால் பயப்படினம்."

அப்பா.

வெளியே பாய்ந்தார். இரும்புக் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். போட்ட பிறகுதான், யாரை உள்ளே வைத்துப் பூட்டினோம் என்று உறைத்தது.

தட்டத் தொடங்கினார்கள். எத்தனையோ கைகள். பிறகு ஒவ்வொன்றாக ஓய்ந்தன... ஒரு கை மட்டும் நிற்கவில்லை. அவசரமில்லாமல், மகன் எப்படியும் திறப்பான் என்ற நம்பிக்கையோடு தட்டிக்கொண்டேயிருந்தது.

ஆனந்தராஜாவின் கை தாழ்ப்பாளில்தான் இருந்தது.

விடியும்வரை அவர் திறக்கவில்லை.

விடிந்த பிறகும்... திறக்கவில்லை.